மூடி இல்லாத குடம்

"தண்ணீரைத் தேங்க விடாதீர்கள்" என்று எங்கள் ஊர்ச் சுவர்களில் எழுதியிருக்கிறது. டெங்கு பரவும் மாதங்களில் அதே வாசகம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறது. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் உச்சிப்புளியிலும் சாயல்குடியிலும் வாழ்கிற ஒரு பெண், இந்த வாசகத்தின்படி ஒரு வாரம்கூடக் குடும்பம் நடத்த முடியாது. தண்ணீர் வருகிற நாளில் தேக்கி வைத்தால்தான் வராத நாளில் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். ஆகவே தேக்காதே என்று சொல்லிப் பயனில்லை. எதில் தேக்குகிறோம், எதைக் கொண்டு மூடுகிறோம், எதனால் மொள்கிறோம் என்று பேச வேண்டும். இந்தக் கரையில் ஒரு பிள்ளைக்கு வரும் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது இந்த மூன்றும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2019இல், வீட்டுக்கு வீடு குழாய்நீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது கிராமங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள். எங்கள் வீட்டில் அத்தை, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், ஆக ஐந்து பேர். நாளொன்றுக்கு 275 லிட்டர். குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்றால் 825 லிட்டரை வீட்டுக்குள் நிறுத்தி வைக்க வேண்டும். 200 லிட்டர் பேரல் நான்கு, அதற்கு மேலும் இரண்டு குடம். இலக்கு ஒரு சொட்டுக் குறையாமல் நிறைவேறினாலும் தினமும் வராத வரை பேரல்கள் எங்கள் முற்றத்தை விட்டு நகரப் போவதில்லை. சுவரில் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம்.

இந்த மண்ணில் நல்ல தண்ணீர் இருக்கும் விதமே தனி. கடலோர மணலுக்கு அடியில் உப்பு நீர் நிற்கிறது. மழைநீர் அதைவிட எடை குறைவானதால் அதன் மேல் படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதன்படி மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டிய ஊற்றில் குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. ஆழம் போனால் கரிக்கிறது. தங்கச்சிமடத்துக்கு அருகே வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்கு நடுவிலேயே நல்ல நீர் இருப்பதை வெளியூர்க்காரர்கள் அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முந்தைய தலைமுறைப் பெண்கள் ஊற்றுக்குள் இறங்கி ஓலைப்பட்டையால் மேலாக, பொறுமையாக மொண்டார்கள். மோட்டார் வைத்து இழுக்கத் தொடங்கிய பிறகு பல தெருக்களில் கிணறு கரித்துவிட்டது. 2009இல் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு திருச்சிப் பக்கத்து ஆற்றுப் படுகை நீர் பாம்பன் கடலைத் தாண்டி ராமேசுவரம் தீவுக்கே வருகிறது. அது பெரிய காரியம். ஆனால் அது நினைத்த நேரத்தில் வருவதில்லை.

அதனால் எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. உப்புத் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும் குளியலுக்கும். நல்ல தண்ணீர் குடிக்க, சோறு வடிக்க, பருப்பு வேகவைக்க. கடினமான நீரில் பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் மசியாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலை இறுக்கிவிடுகிறது. நல்ல தண்ணீர் குழாயில் வராவிட்டால் இரும்புத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போக வேண்டும். அல்லது லாரியில் வருவதைக் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்க வேண்டும். பதினைந்து லிட்டர் குடம் ஒன்று பதினைந்து கிலோ. இடுப்பிலும் தலையிலும் அந்த எடையைச் சுமந்தவளிடம் போய்த் தண்ணீரைக் கொட்டு என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே கெட ஆரம்பிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது குழாய்க் குழி. வேகம் இல்லாததால் தரைக்கு மேல் இருக்கும் குழாயில் தண்ணீர் ஏறாது. அதனால் முழங்கால் ஆழத்துக்கும், சில தெருக்களில் இடுப்பு ஆழத்துக்கும் குழி வெட்டி, குழாயின் வாயைக் கீழே இறக்கி வைத்திருக்கிறோம். குடத்தோடு குழிக்குள் இறங்கி, குனிந்து பிடிக்க வேண்டும். பாத்திரம் கழுவிய நீர், மழை நீர், கோழி நடந்த சகதி எல்லாம் அந்தக் குழியில்தான் வந்து நிற்கின்றன. குழாயில் தண்ணீர் வருவது நின்றவுடன் உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது குழாயின் வாய் அழுக்கில் மூழ்கிக் கிடந்தால் அந்த அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வரும்போது அதுவே முதல் குடத்தில் இறங்குகிறது. தனி மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி உறிஞ்சுகிற வீடுகள் இந்த இழுப்பை இன்னும் மோசமாக்குகின்றன. தெருவுக்கே வர வேண்டியதைத் தம் வீட்டுக்கு இழுப்பதோடு, வழியில் எங்கெல்லாம் குழாய் விரிசல் விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கும் சாக்கடையையும் சேர்த்து இழுத்துத் தெரு முழுவதற்கும் கொடுக்கிறார்கள். இதை நான் யாரிடமும் மென்மையாகச் சொல்வதில்லை.

குழியை உடனே மூட முடியாது என்றாலும் குழாயின் வாயை மூடலாம். பிளாஸ்டிக் மூடி ஒன்று கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீர் வரும் நாளில் முதலில் குழியை இறைத்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, முதலில் வரும் ஓரிரு குடங்களைக் கழுவுவதற்கு ஒதுக்கிவிட்டுப் பிறகு குடிநீர் பிடிப்பது எங்கள் தெருவில் இப்போது வழக்கமாகிவிட்டது. காத்திருக்கும் வரிசையில் முதலில் நிற்பவருக்கு நஷ்டம் என்பதால், அந்தக் குடங்களை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. பெண்கள் தாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு இது.

இனி பேரலுக்கு வருகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் ஓரளவு தெளிந்த நீர்தான் அதற்குப் பிடிக்கிறது. பகலில் கடிக்கிறது, அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. என் மகளைக் கடித்த கொசு என் பேரலிலோ பக்கத்து வீட்டுப் பேரலிலோ பிறந்தது என்று அதற்குப் பொருள். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அது மாறுவதற்கு இந்த வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் போதும்.

பலருக்கும் தெரியாத விஷயம் அந்த முட்டை எங்கே இருக்கிறது என்பதுதான். அது தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் உள்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டப்பட்டிருக்கிறது. பேரலைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தால் நீர் நின்ற கோட்டின் மேல் பொடித்த மிளகு ஒட்டியதுபோலத் தெரியும். விரலால் தேய்த்தால் எளிதில் வராது. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பேரலைக் காயவைத்தாலும் அவை சாவதில்லை. மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் பொரிக்கின்றன. ஆகவே கொட்டினால் போதும் என்பது பாதிதான் சரி. தேய்க்காமல் கொட்டினால் தண்ணீரும் போய்விடும், முட்டையும் இருக்கும்.

தேய்க்கும் முறைக்கு ஹோண்டுராஸ் நாட்டுப் பெண்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அங்கேயும் தண்ணீரைத் தொட்டிகளிலும் பேரல்களிலும் சேர்த்துத்தான் வாழ்கிறார்கள். பிளீச்சிங் திரவத்தையும் சலவைத் தூளையும் குழைத்து உள்சுவரில் பூசி, சிறிது நேரம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவும் பழக்கத்தை அங்கே வீடுவீடாகக் கற்றுக்கொடுத்தார்கள். முட்டை ஓடே அதில் அழிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் பேரல் அடிமட்டத்துக்கு வரும் நாளில் அத்தை தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிளீச்சிங் பவுடரும் சலவைத் தூளும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, வட்டமாக, மேலிருந்து கீழே. விளிம்புக்கு உள்பக்கம் மடிந்திருக்கும் இடத்தை விரல் விட்டுத் தேய்ப்பார், அங்கேதான் முட்டை அதிகம் தங்குகிறது. கையில் உறை போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை, பிளாஸ்டிக் பையையாவது கட்டிக்கொள்ளுங்கள் அத்தை என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன்: கழிவறை கழுவும் ஆசிட்டை இந்தப் பிளீச்சிங் பவுடரோடு ஒருநாளும் சேர்க்கக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு மூச்சுக்குழலைப் புண்ணாக்கிவிடும்.

மூடி என்று எல்லோரும் ஏதோ ஒன்றை வைத்திருக்கிறார்கள். மீன் அடைத்துவரும் தெர்மோகோல் பெட்டியின் மூடி, பிளைவுட் பலகை, பழைய பேனர், கிழிந்த வலை. இவற்றில் எதுவும் மூடி ஆகாது. பலகைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தால் கொசுவுக்கு அதுவே வாசல். மீன்வலையின் கண்ணைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. வேலை செய்கிற மூடியை என் மதினி தைத்துக் கொடுத்தார். கிழிந்த கொசுவலையில் நல்ல பகுதியாகப் பார்த்து, பேரலின் வாயைவிட இரு பக்கமும் ஒரு சாண் அதிகமாக வட்டம் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, அதற்குள் பாவாடை நாடாவைக் கோத்துவிட்டார். பேரலின் கழுத்தில் போட்டு நாடாவை இழுத்து முடிந்தால் இறுகிவிடும். இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. தண்ணீர் பிடிக்கும்போது மூடியைக் கழற்ற வேண்டியதில்லை, ஹோஸை வலைமேல் வைத்தால் போதும், தண்ணீர் இறங்கிவிடும். கழற்றுகிற மூடி ஒருநாள் கழற்றியபடியே கிடக்கும், இது கிடக்காது. வலை தொய்ந்து தண்ணீரைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், தொட்டால் கொசு வலையின் மேல் உட்கார்ந்தே முட்டையிடும். பேரலை விளிம்புவரை நிரப்பாமல் நான்கு விரல் விட்டு நிறுத்துவது அதற்காகத்தான்.

பக்கத்து வீட்டு அக்கா பேரலில் ஒருமுறை புழு இருந்தது. கொசுப்புழு ஒழிப்புப் பணிக்கு வந்த பெண் பார்த்துவிட்டுக் கொட்டச் சொன்னார். "தங்கச்சி, இது காசு கொடுத்து வாங்கிய தண்ணீர். கொட்டிவிட்டால் நாளைக்குப் பிள்ளைகளுக்கு எதை வைத்துச் சோறு வடிப்பேன்?" என்று அக்கா கேட்டார். அந்தப் பெண்ணும் இதே ஊர்ப்பக்கம்தான், அவர் வீட்டிலும் இதே பாடுதான். கடைசியில் இருவரும் சேர்ந்து வேட்டித் துணியைக் குடங்களின் வாயில் கட்டி, பேரல் தண்ணீரை அதில் வடித்து ஊற்றினார்கள். துணியில் தங்கிய புழுக்களை வெயில் காயும் மணலில் உதறினார்கள். பேரலைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி ஊற்றியபோது ஒரு செம்புத் தண்ணீர்கூட வீணாகியிருக்காது. அபராதம், எச்சரிக்கை என்பதற்கெல்லாம் முன்னால் ஒரு பணியாளர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டியது இந்த யோசனையைத்தான்.

கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் ஊற்றும் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடி வருகிறது என்று அவர்கள் தெருவைத் தாண்டியதும் கொட்டிவிடுகிற வீடுகள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரிலேயே லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை அந்த மருந்தை அனுமதிக்கிறது. புழங்கும் நீரில் சரியான அளவில் அது இருப்பதால் கெடுதல் இல்லை, அதைக் கொட்டுவதில்தான் கெடுதல்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: உப்புத் தண்ணீரில் டெங்குக் கொசு வராது, நல்ல தண்ணீர்ப் பேரலை மூடினால் போதும் என்று. அதை உடைத்த ஆய்வு இங்கிருந்து கடலைக் கடந்தால் வரும் கரையிலேயே நடந்தது. இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கடலோரத்தில் கரிப்பு நீர் நின்ற கைவிட்ட கிணறுகள், தூக்கியெறிந்த பாத்திரங்கள், கிடப்பில் போட்ட படகுகள் ஆகியவற்றில் ஏடிஸ் புழுக்கள் வளர்வதை ஆய்வாளர்கள் கண்டு 2011இல் வெளியிட்டார்கள். நம் கரையின் காட்சியும் அதுவேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நகர்வதில்லை. மணலில் இழுத்துப்போட்டு மறந்த பழைய வள்ளங்கள் வருடம் முழுவதும் கிடக்கின்றன. இடிக்காமலிருக்கப் பக்கவாட்டில் கட்டும் டயர், உடைந்த ஐஸ்பெட்டி, படகின் அடித்தட்டு, எல்லாவற்றிலும் ஒரு கோடை மழை போதும். படகைக் கவிழ்த்துப் போடுவதும் டயரில் ஓட்டை போடுவதும் வீட்டு ஆண்கள் செய்ய வேண்டிய வேலை. என் வீட்டுக்காரரும் அவர் கூட்டாளிகளும் இப்போது செய்கிறார்கள்.

அடுத்து குடிநீர்க் குடம். இங்கே எதிரி கொசு இல்லை, நம் கைதான். குழாயடியில் நன்றாக இருந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்து, குடத்தில் நின்று, தம்ளருக்கு வருவதற்குள் கெட்டுவிடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வந்த ஒரு கட்டுரை காட்டியது. குழந்தை தம்ளரை அப்படியே குடத்துக்குள் முக்குகிறது, விரல் நனைகிறது. அகன்ற வாய்ப் பானையில் இது தினமும் பலமுறை நடக்கிறது. குறுகிய வாய்க் குடத்தைச் சாய்த்து ஊற்றுவது, அல்லது அடியில் குழாய் வைத்த பாத்திரம், இரண்டும் கை உள்ளே போவதைத் தடுக்கின்றன. அதற்கு வசதி இல்லையென்றால் நீளக் கைப்பிடி வைத்த அகப்பை ஒன்று போதும். அதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். குடத்தின் பக்கத்தில் தரையில் கிடந்தால் அர்த்தமே இல்லை, ஆணியில் தொங்க வேண்டும்.

செம்புப் பானையைப் பற்றி அத்தைக்கு ஒரு பெருமை உண்டு, அதில் நியாயமும் உண்டு. இரவு முழுவதும் செம்பில் நின்ற நீரில் கிருமிகள் குறைகின்றன. ஆனால் எலுமிச்சைச் சாற்றையும் மோரையும் செம்பில் வைக்கக் கூடாது. விலையுயர்ந்த செம்புக் குப்பி வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தக் காசில் முதலில் குடங்களுக்கெல்லாம் மூடி வாங்குங்கள் என்பேன்.

பழைய சேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் மத்லப் என்ற இடத்தில் காலரா தீராத தொல்லையாக இருந்தது. கழிமுக நீரிலும் கடலோர நீரிலும் காலராக் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத சிறு நீருயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞரும் வங்கதேச ஆய்வாளர்களும் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். புதிய கருவி எதுவும் இல்லை, வீட்டில் கிடக்கும் பருத்திச் சேலையை மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். 2003இல் வெளியான முடிவின்படி அந்தக் கிராமங்களில் காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. இதில் நான் நெகிழ்ந்துபோன செய்தி, புதுச்சேலையைவிடப் பழைய சேலையே மேலானது என்பது. துவைத்துத் துவைத்து நூலிழை பிரிந்து பஞ்சாகி, நெசவின் கண் சுருங்கிவிடுகிறது. எட்டு அடுக்கு வருமாறு மடித்தால் அந்தச் சிறு உயிரிகள் தங்கிவிடுகின்றன, அவற்றோடு கிருமியும். எங்கள் வீடுகளில் குடத்தின் வாயில் துணி கட்டும் பழக்கம் முன்பே உண்டு, ஒற்றைத் துணியாகக் கட்டுகிறோம். மடித்துக் கட்ட வேண்டும், வடித்த பின் துணியை வடிகட்டிய நீரிலேயே அலசி வெயிலில் காயப்போட வேண்டும். பாலியஸ்டர் சேலை இதற்கு உதவாது. தனியாக நீரில் மிதக்கும் கிருமியையும் வைரசையும் துணி பிடிக்காது என்பதால் கொதிக்கவைப்பதோ குளோரின் மாத்திரையோ இதற்குப் பிறகும் தேவைதான். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அரை மணி நேரம் விறகை எரிக்க வேண்டியதில்லை. மாத்திரை என்றால் உறையில் எழுதியுள்ள அளவைப் பார்த்துப் போட்டு அரை மணி நேரம் விட வேண்டும்.

ஆனால் கொதிக்கவைத்தால் உப்பு போகாது. நீர் ஆவியாவதால் மிச்சத்தில் உப்பு கூடவே செய்யும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தட்டுப்பாட்டு நாளில் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம் என்று நிறைய வீடுகளில் நினைக்கிறார்கள். நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டரில் கரைந்த பொருள்கள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. 1,500 உள்ள நீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 3 கிராம் உப்புகள் உள்ளே போகின்றன. கடல் ஏறிய கிணறுகளில் அதில் பெரும்பங்கு நாம் சோற்றில் போடும் அதே உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு மேல் கருவாடு இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது. வங்கதேசத்தின் குல்னா கடற்கரையில், கரிப்பான நிலத்தடி நீரைக் குடித்த கர்ப்பிணிகளிடம் உயர் இரத்த அழுத்தமும் அதனால் வரும் சிக்கலும் அதிகமாக இருந்ததை ஆய்வுகள் காட்டின. எங்கள் தெருவில் ஒரு பெண் உண்டாகியிருந்தால் நல்ல தண்ணீரில் முதல் குடம் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கும் அப்படியே.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கலக்க வேண்டும். அரைப் பொட்டலம், அரைத் தம்ளர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. பொட்டலம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரிப்பு நீரில் கலந்தால் ஏற்கெனவே இருக்கும் உப்போடு இந்த உப்பும் சேர்ந்து சிறு குழந்தைக்கு ஆபத்தாகும். ஒரு நாள் கழிந்த கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். கூடவே தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் வந்துவிட்டால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம், நிலவேம்பு கொடுத்தோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடவும் கூடாது. காய்ச்சல் இறங்கும் நாளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்பு ஆறிவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில் வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறில் இரத்தம், சிறுநீர் குறைவு, பிள்ளை சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும். படகு வரட்டும், அப்பா வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராமசபை கூடுகிறது. எங்கள் தெருப் பெண்கள் அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டி ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும், அதே ஆட்டோவில் சொல்லட்டும். குழாய்க் குழிகளுக்குச் சிமெண்ட் உறையும் குழாய்களுக்கு மூடியும் போட வேண்டும். நேராக உறிஞ்சும் மோட்டார்களை அகற்ற வேண்டும். புழு பார்க்க வருபவர்கள் கையில் வடிகட்டும் துணியும் தேய்க்கும் பிரஷும் கொடுத்தனுப்ப வேண்டும். பேரலுக்கு வலை மூடி தைக்கும் வேலையை ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கொடுத்து, அதற்கான துணிச் செலவை ஊராட்சி ஏற்க வேண்டும். மதினி அளவு வெட்டிக் காட்டத் தயாராக இருக்கிறார். சுவரில் இருக்கும் வாசகத்தை அழித்துவிட்டு "தண்ணீரை மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை பேரலைத் தேய்த்துக் கழுவுங்கள்" என்று எழுதச் சொல்லியும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.